டொமைன் பெயரை மட்டும் அடித்தால் 8080-க்குப் போக வைக்க முடியுமா?

மார்ச் 3, காலை (கேள்வி)

டொமைன் வாங்கியாச்சு. வலைத்தளம் வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் 8080 போர்ட்டில் (கம்ப்யூட்டரில் அந்தச் சேவைக்கான கதவு எண்) ஓடுகிறது. இணைய இணைப்பு கொடுப்பவர்கள் 80-ஐ உள்ளே விடுவதில்லை. டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் அமைப்பு) பக்கத்தில் ஏ ரெக்கார்டில் ஐபி முகவரிக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து 8080 என்று எழுதினால் தவறான முகவரி என்கிறது. சிநேம் போட்டாலும் அதே கதை. வருபவர்கள் பெயரை மட்டும் அடிக்க வேண்டும், பக்கம் 8080-இலிருந்து வர வேண்டும். எந்த ரெக்கார்டு போடணும்?

மார்ச் 3, இரவு (பதில்)

எந்த ரெக்கார்டும் போட்டு நடக்காது. ஏ ரெக்கார்டு என்பது 32 பிட் ஐபி முகவரி, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சிநேம் ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும். போர்ட் எழுத இரண்டிலும் இடமே கிடையாது. எந்தப் போர்ட்டைத் தட்டுவது என்று முடிவு செய்வது பிரவுசர். முகவரியில் எண் இல்லாவிட்டால் எச்டிடிபிக்கு 80, எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443. 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் எச்டிடிபி குறிப்பிலேயே, எண் சொல்லாவிட்டால் 80 என்று இருக்கிறது. அன்று ஆரம்பித்தது, இன்னும் மாறவில்லை.

எனவே 80-இலோ 443-இலோ யாராவது ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஆள் உங்கள் கம்ப்யூட்டராக இருக்கலாம், வேறெங்கோ வாடகைக்கு எடுத்த சர்வராக இருக்கலாம். ஆள் இல்லாமல் நடக்காது.

443-உம் அடைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். 80-ஐ மட்டும் அடைத்து 443-ஐ விட்டுவைக்கும் இணைப்புகள் நிறைய உண்டு. திறந்திருந்தால் ரௌட்டரில் வெளி 443-ஐ உள்ளே இருக்கும் இயந்திரத்துக்குத் திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மார்ச் 4, காலை

ஒருவர் கீழே "எஸ்ஆர்வி ரெக்கார்டு இருக்கிறதே, அதில் போர்ட் வருமே" என்று எழுதியிருக்கிறார். வரும். ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) 2782, 2000-ஆம் ஆண்டு. முன்னுரிமை, எடை, போர்ட், இலக்குப் பெயர் நான்கும் அதில் உண்டு. இணையத் தொலைபேசிக்கான எஸ்ஐபி அதைப் பார்க்கிறது, அரட்டைக்கான எக்ஸ்எம்பிபி பார்க்கிறது, மைன்கிராஃப்ட் கூடப் பார்க்கிறது. அதனால்தான் மைன்கிராஃப்ட் சர்வர் வைத்திருப்பவர்கள் வழக்கமான 25565 அல்லாத போர்ட்டில் ஓட்டிக்கொண்டு வெறும் பெயரை மட்டும் நண்பர்களுக்குக் கொடுக்கிறார்கள். பிரவுசர்கள் மட்டும் இன்றுவரை வலைப்பக்கத்துக்காக எஸ்ஆர்வியைத் தேடிப் பார்ப்பதில்லை. விளையாட்டுக்குக் கிடைத்த வசதி வலைக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல்தான்.

மார்ச் 4, மதியம்

எரிச்சலில் ஒன்றை விட்டுவிட்டேன். எச்டிடிபிஎஸ் ரெக்கார்டு என்று ஒன்று இப்போது இருக்கிறது, வகை எண் 65. 2023 நவம்பரில் ஆர்எஃப்சி 9460 ஆக வந்தது. அதில் போர்ட் என்று ஒரு அளவுரு உண்டு. பிரவுசர் அதைப் படித்து, 443-க்குப் பதில் அந்தப் போர்ட்டுக்குப் போகலாம். முகவரிப் பட்டையில் எண் தெரியாது. கேட்பவர் கேட்டது அச்சு அசல் இதுதான்.

ஆனால் இதை நம்பிப் பொதுத் தளம் நடத்த நான் தயாராக இல்லை. பிரவுசர்களில் இதற்கான ஆதரவு ஒரே மாதிரி இல்லை. பழைய பிரவுசர், ஸ்கிரிப்டில் பக்கம் எடுப்பவர்கள், தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் எல்லாம் வழக்கம்போல 443-ஐத்தான் தட்டும். அங்கே பதில் இல்லையென்றால் அவர்களுக்குத் தளமே இல்லை. 443-இலும் ஒன்றை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அப்புறம் இந்த ரெக்கார்டு எதற்கு?

மார்ச் 4, இரவு

ரீடைரக்ட் (வருபவரை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்புவது) போதாதா என்று கேட்டவருக்கு.

டொமைன் விற்பவர்களும் டைனமிக் டிஎன்எஸ் (மாறிக்கொண்டிருக்கும் வீட்டு ஐபிக்கு நிலையான பெயர்) கொடுப்பவர்களும் "போர்ட் 80 ரீடைரக்ட்" என்று ஒரு வசதி தருவார்கள். உங்கள் பெயர் அவர்களுடைய சர்வரைக் காட்டும். அது வருபவரிடம் "இந்த முகவரிக்குப் போ" என்று இன்னொரு பெயரையும் 8080-ஐயும் சொல்லி அனுப்பும். வேலை செய்யும். பிரச்சினை அதற்கு அப்புறம். முகவரிப் பட்டையில் 8080 தெரியும். வருபவர் அதைத்தான் நகலெடுத்துப் பகிர்வார், அதையே புக்மார்க் செய்வார். தேடுபொறியும் அதையே சேமிக்கும். நாளைக்கு நீங்கள் 8080-ஐ விட்டு எங்கே போனாலும் அந்த எண் உங்களைப் பின்தொடரும்.

இதை ஃபிரேமுக்குள் வைத்து மறைக்கும் சேவைகளும் உண்டு. அதற்கு நேரான ரீடைரக்டே மேல். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் பட்டையில் ஒரே முகவரி நிற்கும், உள் பக்கத்தை யாருக்கும் அனுப்ப முடியாது. வெளிப் பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருந்து உள்ளே இருப்பது வெறும் எச்டிடிபி என்றால் பிரவுசர் உள்ளே இருப்பதைக் காட்டவே காட்டாது. வெள்ளைப் பக்கம்தான் மிச்சம்.

இன்னொன்று: ரீடைரக்ட் போடுவதானால் சோதிக்கும்போது தற்காலிகம் என்று சொல்லும் 302 போடுங்கள், 301 வேண்டாம். 301 என்றால் நிரந்தரம், பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் முகப்பை 8443-க்கு 301 போட்டு வைத்துவிட்டு, பிறகு எடுத்துவிட்டார்கள். சர்வரில் எதுவும் இல்லை, கட்டமைப்புக் கோப்பில் அந்த எண்ணே இல்லை. ஆனாலும் சிலருக்கு மட்டும் தளம் திறக்கவில்லை என்று அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அவர்களுடைய பிரவுசர் எங்கள் சர்வரைக் கேட்கவே இல்லை. கேட்காமலே 8443-க்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பதிவில் அவர்கள் வந்த சுவடே இல்லாததால் இணையத்தில்தான் கோளாறு என்று வெகுநேரம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 5, மாலை

கேட்டவர் திரும்ப வந்து, 443 திறந்திருக்கிறது என்கிறார். நல்லது. அப்படியானால் ரிவர்ஸ் பிராக்ஸிதான், வேறு யோசனையே வேண்டாம். என்ஜின்எக்ஸ், அப்பாச்சி, கேடி, எச்ஏபிராக்ஸி என்று இதற்கான நிரல்கள் உண்டு, எது கைக்கு வருமோ அது. அது 443-இல் நின்று, வரும் கோரிக்கையை வாங்கி, 127.0.0.1-இல், அதாவது அதே இயந்திரத்துக்குள், 8080-க்குக் கொடுத்து, பதிலை வாங்கித் திருப்பித் தரும். வருபவருக்கு 8080 இருப்பதே தெரியாது. நாளைக்கு இன்னொரு செயலி 3000-இல் வந்தால், வேறொரு துணைப் பெயர் கொடுத்து அதே 443 வழியாகவே விடலாம். எச்டிடிபி 1.1-இல் வந்த ஹோஸ்ட் ஹெடர் (எந்தப் பெயரைக் கேட்கிறார்கள் என்று கோரிக்கையோடு வரும் வரி), எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்கமான டிஎல்எஸ்ஸில் வந்த எஸ்என்ஐ (இணைப்பு தொடங்கும்போதே அந்தப் பெயரைச் சொல்வது), இரண்டும் சேர்ந்துதான் ஒரே ஐபி, ஒரே போர்ட்டில் எத்தனை பெயரையும் பிரித்து அனுப்ப உதவுகின்றன.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு கண் வையுங்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், பெயர் உங்களுடையதுதானா என்று பார்க்கச் செய்யும் எச்டிடிபி-01 சோதனை 80-க்குத்தான் வரும். 8080-க்கு வா என்று ரீடைரக்ட் செய்தாலும் வராது, 80, 443 இரண்டைத் தவிர வேறு போர்ட்டுக்கு அது திரும்பாது. உங்களுக்கு 80 அடைப்பு. ஆகவே 443-இல் நடக்கும் டிஎல்எஸ்-ஏஎல்பிஎன்-01, இல்லையென்றால் டிஎன்எஸ்-01. இரண்டாவதற்கு எந்தப் போர்ட்டும் திறந்திருக்க வேண்டாம், டிஎக்ஸ்டி ரெக்கார்டு ஒன்று போட்டால் போதும். நான் எப்போதும் டிஎன்எஸ்-01தான்.

மார்ச் 5, இரவு

"ரிவர்ஸ் பிராக்ஸி எல்லாம் எதற்கு, ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் பாக்கெட் விதிகள்) 80-ஐ 8080-க்குத் திருப்பி ஒரே வரியில் முடித்துவிடலாமே" என்று ஒரு குரல். அதே இயந்திரத்துக்குள் என்றால் முடிக்கலாம், நானும் செய்திருக்கிறேன். அந்த வரி வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுக்கு மட்டும் பொருந்தும். அதே இயந்திரத்தில் உட்கார்ந்து சோதித்தால் வேலை செய்யாது, உள்ளிருந்தே கிளம்பும் பாக்கெட்டுகளுக்கான அவுட்புட் சங்கிலியிலும் தனியாக ஒரு விதி எழுத வேண்டும். வெளியே எல்லாருக்கும் தளம் திறக்கும், எழுதியவருக்கு மட்டும் திறக்காது. வேடிக்கையாக இருக்கும், நமக்கு நடக்காதவரை.

1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகளுக்கு ரூட் (முழு நிர்வாக) உரிமை தேவை என்ற ஒரே காரணத்துக்காக 8080-இல் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். லினக்ஸில் அதற்குத் தனி அனுமதி கொடுத்துவிடலாம். செட்கேப் கொண்டு அந்த நிரலுக்கு மட்டும் கீழ்ப் போர்ட்டுகளைப் பிடிக்கும் உரிமை தரலாம். கெர்னல் 4.11-இலிருந்து அந்த 1024 என்ற எல்லையையே ஒரு சிஸ்கண்ட்ரோல் மாறி (கெர்னலின் அமைப்பு மதிப்பு) மூலம் இறக்கிவிடலாம். ரூட்டுக்குப் பயந்து விநோத எண்ணில் ஓட்டத் தேவையில்லை.

மார்ச் 6, காலை

கேட்டவரின் அடுத்த புகார்: முகப்பு வருகிறது, உள்ளே ஒரு கோப்புறையைத் திறந்தால் முகவரியில் திடீரென்று 8080 முளைக்கிறது, பக்கம் திறக்கவில்லை.

எனக்குத் தெரிந்து ரிவர்ஸ் பிராக்ஸி வைத்த எல்லாரும் ஒருமுறையாவது பார்த்த காட்சி. கடைசியில் சாய்கோடு இல்லாமல் கோப்புறைப் பெயரை அடித்தால், பின்னால் இருக்கும் சர்வர் "சாய்கோடு சேர்த்து வா" என்று திருப்பி அனுப்பும். அப்படி அனுப்பும்போது தான் நிற்கும் போர்ட்டையும் முகவரியில் சேர்த்துவிடும். அதற்குத் தன் முன்னால் ஒரு பிராக்ஸி நிற்பது தெரியாது. தனக்குத் தெரிந்த எண்ணைச் சொல்கிறது. பின்னால் இருப்பதும் என்ஜின்எக்ஸ் என்றால், ரீடைரக்டில் போர்ட்டைச் சேர்ப்பது அதன் இயல்பு அமைப்பு. அதை அணைக்க ஒரு வரி உண்டு. இல்லையென்றால் முழு முகவரிக்குப் பதில் பாதையை மட்டும் அனுப்பச் சொல்லலாம். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். பாதையை மட்டும் சொல்பவனுக்குப் பெயரும் போர்ட்டும் தெரிந்திருக்கவே வேண்டாம்.

வேறு செயலி என்றால் ஹோஸ்ட் ஹெடரைப் பாருங்கள். பிராக்ஸி அதை அப்படியே பின்னால் கொடுக்கிறதா, இல்லை 127.0.0.1:8080 என்று மாற்றிக் கொடுக்கிறதா? என்ஜின்எக்ஸ் நீங்கள் சொல்லாவிட்டால் மாற்றித்தான் கொடுக்கும். அதோடு, வருபவர் வந்தது எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரையும் அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் செயலி தான் வெறும் எச்டிடிபியில் இருப்பதாக நினைத்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு அனுப்பும், பிராக்ஸி மறுபடி எச்டிடிபியில் கொடுக்கும், அது மறுபடி அனுப்பும். கடைசியில் "அளவுக்கு மீறிய ரீடைரக்ட்" என்று பிரவுசரே கையை விரித்துவிடும்.

மார்ச் 6, மதியம்

வெப்சாக்கெட் (திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) இருந்தால் அப்கிரேட், கனெக்ஷன் ஹெடர்களைத் தனியாகக் கடத்த வேண்டும். என்ஜின்எக்ஸில் இயல்பாக 60 விநாடி சும்மா இருந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். அரட்டைப் பெட்டி நிமிடத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைத்தால் காரணம் இதுதான்.

மார்ச் 7, இரவு

இழை எங்கேயோ போய்விட்டது. "எந்தப் போர்ட் எண் நல்ல எண்" என்று விவாதம். சரி, நானும் கலந்துகொள்கிறேன்.

முதல் செயலியை 3000-இல் வைப்பார்கள். இரண்டாவது 4000. மூன்றாவது 5000. மேக்கில் 2021-இல் மான்டெரே வந்த பிறகு 5000-இல் ஏர்பிளே உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அங்கே சண்டை. சரி என்று 6000-க்குப் போனால் செயலி ஓடும், கட்டளை வரியில் கர்ல் கொண்டு கேட்டால் பதில் வரும், குரோமில் மட்டும் "பாதுகாப்பற்ற போர்ட்" என்று வரும். ஃபயர்வாலைத் தோண்டிப் பயன் இல்லை, பாக்கெட் இயந்திரத்தை விட்டு வெளியே போகவே இல்லை. 6000 யூனிக்ஸின் திரை அமைப்பான எக்ஸ்11-க்கு உரியது, பிரவுசரின் தடைப்பட்டியலில் இருக்கிறது. அதே பட்டியலில் மின்னஞ்சலின் 25 இருக்கிறது, பழைய அரட்டை முறையான ஐஆர்சியின் 6665 முதல் 6669 வரை இருக்கிறது. ஒரு வலைப்பக்கம் உங்கள் பிரவுசரைக் கொண்டே பிற சேவைகளுக்கு வம்பு அனுப்பாமல் இருக்க வைத்த தடை அது. 2020 அக்டோபரில் சாமி கம்கார், வலைப்பக்கம் வழியாக ரௌட்டரை ஏமாற்றி உள்ளே வழி திறக்கும் நாட் ஸ்லிப்ஸ்ட்ரீமிங் தாக்குதலை வெளியிட்ட பிறகு 5060, 5061-உம் அடுத்த ஆண்டு 10080-உம் சேர்ந்தன. 10080-இல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தளங்கள் பிரவுசர் புதுப்பித்த மறுநாள் திறக்கவில்லை. பொதுத் தளத்தை விநோத எண்ணில் வைப்பதில் இதுவும் ஒரு அபாயம்: உங்கள் எண்ணை என்றைக்கு யார் தடை செய்வார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

கிளவுட்ஃபிளேர் என்ற பிராக்ஸிச் சேவைக்குப் பின்னால் வைப்பவர்களுக்கு: எல்லாப் போர்ட்டையும் அது கடத்தாது. எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443, 2053, 2083, 2087, 2096, 8443. எச்டிடிபிக்கு 80, 8080, 8880, 2052, 2082, 2086, 2095. 3000-ஐ வெளியே காட்டிவிட்டு "ஆரஞ்சு மேகம் (அதன் பிராக்ஸி) போட்டால் திறக்கவில்லை" என்று கேட்பவர்கள் இந்த எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 8, காலை

"யாரும் கண்டுபிடிக்க முடியாத 48217-இல் வைத்துவிட்டேன், பாதுகாப்பு" என்று ஒருவர். மொத்தமே 65,536 எண்கள்தான். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட இசட்மேப், ஒரு போர்ட்டுக்கு ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்தது. உங்கள் ஒரே ஐபியில் எல்லாப் போர்ட்டையும் தட்ட எவ்வளவு நேரம் ஆகும்? தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச்சை 22-ஐ விட்டு மாற்றினால் பதிவில் இரைச்சல் குறையும், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். வலைத்தளத்தை மாற்றினால் குறைவது உங்கள் வாசகர்கள்தான். பல அலுவலக, கல்லூரி வலைப்பின்னல்கள் வெளியே 80, 443 தவிர எதையும் விடுவதில்லை. அவர்களுக்கு உங்கள் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிழைச் செய்திகூட உடனே வராது.

மார்ச் 8, இரவு

காலையில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. நான்கு பேர் மட்டும் பார்க்கும் உள்வலைக் கருவி, அளவீட்டுப் பக்கம், ரௌட்டரின் நிர்வாகப் பக்கம் இவற்றுக்கெல்லாம் முகவரியில் எண் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எண் தெரிந்தவர்கள்தான் வருவார்கள். நான் சொல்வதெல்லாம் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு வரும் ஆட்களுக்கு.

ஆனால் உள்வலையிலும் ஒரு வினோதம் உண்டு. பிரவுசருக்கு ஒரே பெயரில் 3000-உம் 4000-உம் வெவ்வேறு மூலங்கள், ஒன்றின் ஸ்கிரிப்ட் மற்றதைத் தொட முடியாது. குக்கிக்கு மட்டும் அந்த வேறுபாடு தெரியாது. ஆர்எஃப்சி 6265 இதை ஒளிக்காமல் சொல்கிறது, போர்ட் வைத்துக் குக்கி பிரியாது என்று. ஒரே ஃபிரேம்வொர்க்கில் எழுதிய இரண்டு செயலிகள், இரண்டுக்கும் ஒரே செஷன் குக்கிப் பெயர் என்றால், ஒன்றில் உள்நுழைந்ததும் மற்றொன்று உங்களை வெளியே தள்ளும். குக்கிப் பெயரை மாற்றுங்கள், இல்லையென்றால் ஆளுக்கொரு துணைப் பெயர் கொடுங்கள்.

மார்ச் 9, மாலை

முந்தைய குறிப்பில் விட்டது. பிராக்ஸி வைத்த பிறகு 8080-ஐ வெளியிலிருந்து மூடினீர்களா? செயலியை 127.0.0.1-இல் மட்டும் கேட்கச் சொல்லுங்கள். டாக்கரில் (செயலியைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓடுகிறது என்றால் இரட்டைக் கவனம். போர்ட்டை வெளியிட்டால் அது நேராக ஐபிடேபிள்ஸில் விதி எழுதிவிடும், யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் நீங்கள் மூடியது மூடியதாகவே காட்டும், உண்மையில் திறந்திருக்கும். வெளியிடும்போது எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 சேர்த்து எழுதினால் தப்பிக்கலாம். மூடாவிட்டால், நேராக 8080-க்கு வருபவர், வந்தவரின் ஐபியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரில் எந்த ஐபியை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். செயலி அதை நம்பிப் பதிவில் எழுதும்.

மார்ச் 10, காலை

கேட்டவர்: வெளியே மொபைல் டேட்டாவில் திறக்கிறது, வீட்டு வைஃபையில் திறந்தால் ரௌட்டரின் உள்நுழைவுப் பக்கம் வருகிறது.

வீட்டுக்குள்ளிருந்து உங்கள் வெளி ஐபியைக் கேட்டால், பாக்கெட் ரௌட்டர் வரை போய்த் திரும்பி உள்ளே வர வேண்டும். ஹேர்பின் நாட் என்பார்கள் (நாட் என்பது பல கருவிகளை ஒரே வெளி ஐபிக்குப் பின்னால் வைக்கும் முகவரி மாற்றம்). எல்லா ரௌட்டருக்கும் அது வராது, உங்களுடையது அந்தக் கோரிக்கையைத் தனக்கு வந்ததாக எடுத்துக்கொள்கிறது. அமைப்பில் நாட் லூப்பேக் என்று இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் வீட்டு டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு உள் ஐபியைக் கொடுங்கள். பார்த்தீர்களா, இப்போதுதான் டிஎன்எஸ்ஸுக்கு வேலை வந்தது. உள்ளேயும் 443-இல் பிராக்ஸி நிற்பதால்தான் இது ஒத்துவருகிறது. உள்ளே 8080, வெளியே 443 என்று இருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும்.

ரௌட்டருக்குக் கிடைத்த ஐபி 100.64 முதல் 100.127 வரையில் ஏதாவது ஒன்றில் ஆரம்பித்தால் இதெல்லாம் எதுவும் நடக்காது. சேவை நிறுவனமே உங்களை ஒரு நாட் அமைப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். வெளியே ஒரு சிறு சர்வர் எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு (விபிஎன்) சுரங்கம் போட்டு, அங்கே 443-இல் பிராக்ஸியை வையுங்கள்.

மார்ச் 12, இரவு

கடைசியாக வந்த கேள்வி நல்ல கேள்வி. எண்ணோடு கொடுத்த பழைய 8080 இணைப்புகள் வெளியே சுற்றுகின்றனவே, என்ன செய்வது?

பிராக்ஸியையே 8080-இலும் கேட்க வைத்து, அங்கிருந்து எண் இல்லாத முகவரிக்கு 308 (நிரந்தர ரீடைரக்ட்) போடுங்கள். இங்கே நிரந்தரம்தான் வேண்டும். செயலியை வேறு உள் எண்ணுக்கு நகர்த்திவிடுங்கள், இல்லையென்றால் இரண்டும் அடித்துக்கொள்ளும். மூன்று நாள் முன்னால் 8080-ஐ மூடச் சொன்னவனும் நான்தான். அது செயலிக்கு, இது பிராக்ஸிக்கு.

ஒரு முடிச்சு இருக்கிறது. எச்எஸ்டிஎஸ் (எப்போதும் எச்டிடிபிஎஸ்ஸில்தான் வா என்று பிரவுசருக்குச் சொல்லும் ஹெடர்) போட்டிருந்தால், ஏற்கெனவே தளத்துக்கு வந்த பிரவுசர் எச்டிடிபி முகவரியைத் தானே எச்டிடிபிஎஸ்ஸாக மாற்றும். 80 என்றால் 443 ஆகும். வேறு எண் என்றால் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும். அதாவது 8080-க்கே டிஎல்எஸ் பேசிக்கொண்டு வரும். அங்கே வெறும் எச்டிடிபி நின்றால் ரீடைரக்டைச் சொல்லும் முன்பே இணைப்பு முறியும். புதிதாக வருபவருக்கு வேலை செய்யும், பழைய வாசகருக்கு உடையும். ஆகவே 8080-இலும் சான்றிதழோடு டிஎல்எஸ் வையுங்கள். டிஎல்எஸ் பேசாமல் வருபவர்களுக்கு என்ஜின்எக்ஸ் உள்ளுக்குள் 497 என்று ஒரு பிழை எண் வைத்திருக்கிறது, டிஎல்எஸ் போர்ட்டுக்கு வெறும் எச்டிடிபி வந்தால் எழுவது. அந்த 497-க்கான பிழைப் பக்கமாக எண் இல்லாத எச்டிடிபிஎஸ் முகவரியைக் கொடுத்துவிட்டால் இரண்டு வகையினரும் ஒரே போர்ட்டில் வந்து ஒரே இடத்துக்குப் போவார்கள். குரோமில் ஒருமுறை, கர்லில் ஒருமுறை சோதித்துவிட்டு எழுதுங்கள்.